பேர்கண்டியின் கற்கோவில்கள்



ஐரோப்பாவின் மத்தியகால வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் குளூனி என்னும் ஊரின் பெயரைச் சொல்லாமல் அப்பாடத்தை முடித்தல் இயலாது. பிரான்சு தேசத்தின் கிழக்குப் பாகத்திலே, பேர்கண்டி என்று நாம் வழங்கும் நாட்டுப்புறப் பகுதியிலே, குரோன் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த ஊர் அது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த துறவிகள் ஒரு தேவாலயத்தை எழுப்பத் தொடங்கினார்கள். அது முற்றுப்பெற்றபோது அதன் நீளம் 187 மீற்றர். உரோமாபுரியில் இன்றுள்ள புனித இராயப்பர் பேராலயம் கட்டப்படும் வரையில் கிறிஸ்தவ உலகில் அதனினும் பெரிய தேவாலயம் இருந்ததில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு இந்த விவரங்களை நான் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இப்பொழுது அங்கே எஞ்சியிருப்பது அதிற் பத்தில் ஒரு பங்குகூட இல்லை" என்று சொன்னேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அதை இடித்த படை எது?" என்று கேட்டான். படை எதுவும் இடிக்கவில்லை, விலைகொடுத்து வாங்கியவர்கள் இடித்துக் கல்லாக விற்றார்கள் என்று விடை கூறினேன். அவன் நம்பாதவன் போல என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு அன்று நான் கூறிய விடை பிழையன்று. ஆனால் முழுமையான விடையுமன்று. குளூனியைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு கிராமங்களிலே, அதே காலத்தில், அதே கல்லாற் கட்டப்பட்ட எளிய தேவாலயங்கள் பல இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. பெரியது வீழ்ந்து சிறியன நின்றமைக்குக் காரணம் யாது? இவ்வினாவையே இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நாட்டின் இயல்பைச் சிறிது மனக்கண்முன் கொண்டு வருவோம். பாரிசு நகருக்குத் தென்கிழக்கே, லியோன் நகருக்குச் செல்லும் வழியில் விரிந்து கிடப்பது பேர்கண்டி. பிரெஞ்சு மக்கள் அதனைப் பூர்கோஞ் என்பர். கிழக்கே சோன் ஆறு தெற்கு நோக்கி மெல்ல ஓடுகின்றது. ஆற்றுக்கு மேற்கே குன்றுகள். குன்றுச் சரிவுகளிலே திராட்சைத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பாற் பசும்புல் நிலங்களும் அங்கே மேயும் வெள்ளை மாடுகளும். மண்ணைச் சற்று அகழ்ந்தால் அகப்படுவது சுண்ணாம்புக் கல். சில இடங்களில் அது தேன் நிறம், சில இடங்களில் இளஞ்சிவப்பு. வீடு, வேலி, கிணற்றுக்கட்டு, கல்லறை யாவும் அந்தக் கல்லே. கூரைக்கும் ஓட்டுக்குப் பதிலாக மெல்லிய கற்பலகைகளை அடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆகவே அந்நாட்டுத் தேவாலயங்கள் அந்த மண்ணிலிருந்தே எழுந்து நிற்பன போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிய காலம் இப்பகுதிக்கு ஒரு விடியற்காலம். அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் வடகடற் கொள்ளையரான வைக்கிங்குகள் ஆற்று வழியே வந்து ஊர்களைச் சூறையாடினர். மேற்குக் கரையிலே நுவார்முத்தியே என்னும் தீவில் வாழ்ந்த துறவிகள், 836இல் தங்கள் புனிதரான பிலிபேரின் உடலைச் சுமந்துகொண்டு புறப்பட்டனர். இடம் இடமாகப் பெயர்ந்து, ஏறக்குறைய 40 ஆண்டுகள் அலைந்து, 875இற் சோன் ஆற்றங்கரையிலுள்ள தூர்னூ என்னும் ஊரில் ஒருவாறு நிலைபெற்றார்கள். புறப்பட்டவருள் எத்தனை பேர் வழியில் முதுமையடைந்து இறந்திருப்பர்! வந்துசேர்ந்தவருள் எத்தனை பேர் வழியிலேயே துறவு பூண்டவராக இருந்திருப்பர்! இவ்வாறு அலைந்தோர் ஓரிடத்தில் நிலைபெற்றபோது, எளிதில் எரியாத, எளிதில் இடியாத கட்டடத்தை விரும்பியது இயல்பே. அமைதி திரும்பியதும் ஊர்தோறும் புதிய தேவாலயங்கள் எழலாயின. அந்நாட்டுத் துறவியும் வரலாற்றாசிரியருமான இராவுல் கிளாபேர் என்பார், தம் காலத்தில் எங்கும் தேவாலயங்கள் புதுக்கப்பட்டமையை வியந்து எழுதி வைத்திருக்கின்றார்.

அக்காலத்துக் கட்டடப் பாணிக்குப் பிற்கால அறிஞர் இட்ட பெயர் 'உரோமனெஸ்க்' என்பது. பண்டை உரோமர் கையாண்ட அரைவட்ட வளைவும், கனத்த சுவரும், வட்டத் தூணும் அதில் மீண்டும் தோன்றுவதனால் அப்பெயர் வந்தது. கூரிய வளைவுகளும் வானளாவிய கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட கோதிக் பாணி இதற்குப் பின்னர் வந்தது.

நேயர்களே, கட்டடக்கலை என்றதும் அது பொறியியலாளருக்கு உரிய பொருள் என்று அஞ்ச வேண்டா. இத்தேவாலயங்களைக் கட்டிய கொத்தர்களுக்கு இருந்த சிக்கல் ஒன்றே. அதனை விளங்கிக்கொண்டால் இப்பாணி முழுவதும் விளங்கிவிடும்.

மரக் கூரை எளிதிற் போடத்தக்கது. ஆனால் மின்னலோ மெழுகுதிரியோ பட்டால் எரிந்துபோகும். ஆகவே கல்லாலேயே கூரை வேண்டும் என்று விரும்பினர். கற்கூரைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. துறவிகள் இரவும் பகலும் பாடிய வழிபாட்டுப் பாடல்கள் அதன்கீழ் எதிரொலித்து முழங்கும். ஒரு பீப்பாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்குமோ அந்த உருவில் கற்களை அடுக்கி வளைவுக் கூரை அமைத்தார்கள். ஆனால் வளைவாக அடுக்கிய கல், தன் பாரத்தை நேரே கீழ்நோக்கி மட்டும் இறக்குவதில்லை. பக்கச் சுவர்களை வெளிப்புறமாகவும் தள்ளுகின்றது. இரண்டு புத்தகங்களை மேசையின்மீது ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திப் பாருங்கள். அவற்றின் அடிப்பாகம் வெளியே வழுக்கும். அதுபோன்றதே இதுவும். இந்தத் தள்ளுதலைத் தாங்கச் சுவர் மிகத் தடிப்பாக இருத்தல் வேண்டும். தடித்த சுவரிற் பெரிய சாளரம் திறந்தால் அது வலிமை குன்றும். சாளரம் இல்லையேல் உள்ளே இருள். ஒளி வேண்டுமாயின் உறுதி குறையும்; உறுதி வேண்டுமாயின் ஒளி குறையும். இதுவே அவர்தம் சிக்கல்.

இச்சிக்கலை ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு வகையில் தீர்த்தது. முன்பு கூறிய தூர்னூவில் உள்ள புனித பிலிபேர் ஆலயத்தின் நடுக்கூடத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கல்லாற் கட்டிய, அலங்காரம் ஏதுமற்ற, உயரமான வட்டத் தூண்கள் இரு வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் 11ஆம் நூற்றாண்டுக் கொத்தர் செய்த உபாயம் மிகவும் நூதனமானது. பீப்பாய் வளைவை வாயிலிலிருந்து பீடத்தை நோக்கி நெடுக்காக ஓடவிடாமற் குறுக்காகத் திருப்பி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல வளைவுகளை அடுக்கிவிட்டனர். ஒரு வளைவு அடுத்த வளைவைத் தள்ள, அடுத்தது அதனைத் திருப்பித் தள்ள, தள்ளுவோர் இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது போல யாவும் அசையாது நிற்கின்றன. பக்கச் சுவருக்கு வேலை குறைந்துவிட்டது. எனவே அங்கே சாளரங்களைத் தாராளமாகத் திறந்து ஒளியை உள்ளே விட்டார்கள். இத்தகைய கூரை ஐரோப்பாவில் மிக அருமையாகவே காணப்படும்.

தூர்னூவுக்கு மேற்கே சிறிது தூரத்தில் ஷபேஸ் என்னும் கிராமம் இருக்கின்றது. சில வீடுகளும் வயல்களுமே அவ்வூர். ஆனால் அதன் நடுவே, 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் கட்டிய புனித மார்த்தீன் ஆலயத்தின் மணிக்கோபுரம் ஏறக்குறைய 35 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றது. இத்தாலியின் வடபாகமான லொம்பார்தியிலிருந்து பரவிய முறைப்படி, கோபுரச் சுவரிலே மெல்லிய நெடும் பட்டைகளும், அவற்றின் தலைகளை இணைக்கும் சிறு வளைவுகளும் அமைந்துள்ளன. சிற்பம் மிகக் குறைவு. வண்ணக் கண்ணாடியாற் பெற்ற அழகும் அன்று. கல்லை அளந்து, உடைத்து, ஒழுங்காக வைத்தமையே அதன் அழகு. அதற்கு அணித்தே குன்றின்மேல் உள்ள பிரான்சியோன் ஆலயமும் அத்தன்மையதே.

இனி வெசெலேக்குச் செல்வோம். இது பேர்கண்டியின் வடபாகத்தில், ஒரு குன்றின் உச்சியிலுள்ள சிற்றூர். புனித மரிய மதலேனாளின் திருப்பண்டம் இங்கே இருப்பதாக நம்பி மத்தியகாலத்தில் யாத்திரிகர் திரளாக வந்தனர். 1120இல் எழுந்த பெருந்தீ பழைய ஆலயத்தை அழித்தது. பின்னர் எழுந்த நடுக்கூடமே இன்று நாம் காண்பது. இங்கே கொத்தர் கையாண்டது வேறோர் உபாயம். இரண்டு பீப்பாய் வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுமாறு கூரையை அமைத்தனர். அப்போது பாரம் சுவர் முழுவதிலும் பரவாமல் நான்கு மூலைகளில் வந்து இறங்கும். இடையிலுள்ள சுவரிற் சாளரம் திறக்கலாம். கூரையைத் தாங்கும் வளைவுகளில் வெண்ணிறக் கல்லும் கபிலநிறக் கல்லும் மாறி மாறி வருகின்றன. யூன் மாத இறுதியில், சூரியன் வடகோடியிலே நிற்கும் நாட்களில், நண்பகற் பொழுதிலே தென்புறச் சாளரங்களின் வழியாக விழும் ஒளி, நடுக்கூடத் தரையின் மையத்தில் வாயிலிலிருந்து பீடம் வரை ஒரே நேர்கோட்டில் ஒளிவட்டங்களாக விழுகின்றது. ஒளிக்காகப் பட்ட பாட்டின் பயன் அது. 1146இல் புனித பெர்னார்து என்பார் இரண்டாம் சிலுவைப்போருக்கு மக்களை அழைத்ததும் இவ்வூரிலேதான்.

கட்டடத்தைப் போலவே சிற்பமும் சிறப்புடையது. எழுத்தறியாத மக்களுக்குக் கல்லே ஏடாக இருந்தது. வெசெலேயில் ஒரு தூண்தலையிலே ஒருவர் திரிகையில் தானியம் பெய்கின்றார். மற்றொருவர் கீழே மாவை ஏந்துகின்றார். பெய்பவர் மோசே, ஏந்துபவர் புனித பவுல். பழைய ஏற்பாட்டின் தானியமே புதிய ஏற்பாட்டின் மாவாயிற்று என்பது கருத்து. உழவருக்கு இதனினும் எளிதாக விளங்க வைப்பது எப்படி?

ஓத்தன் நகரின் புனித இலாசர் ஆலயத்திலிருந்து வந்த தூண்தலைச் சிற்பம் ஒன்று என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. குழந்தை இயேசுவைக் காணவந்த மூவேந்தரும் ஒரே போர்வையின்கீழ், முடியைக்கூடக் கழற்றாமல் உறங்குகின்றனர். வானதூதர் ஒருவர் குனிந்து, ஓர் அரசரின் கையை ஒரேயொரு விரலால் மெல்லத் தொடுகின்றார். அந்த அரசரின் கண் மட்டும் திறந்திருக்கின்றது. மற்றை இருவரும் ஒன்றும் அறியாது துயில்கின்றனர். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்னர் உளி பிடித்த ஒருவன், உறக்கத்திலிருந்து எழுப்பப்படும் அந்தக் கணத்தை எவ்வளவு கனிவோடு கண்டிருக்கின்றான்! அவ்வாலயத்தின் வாயிலுக்கு மேலுள்ள அரைவட்டக் கற்பரப்பில் இறுதித் தீர்ப்பின் காட்சி செதுக்கப்பட்டிருக்கின்றது. நடுவிலுள்ள கிறிஸ்துவின் பாதங்களின்கீழ், கிசில்பேர்த்து என்பவர் இதனைச் செய்தார் என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் ஒரு வரி காணப்படுகின்றது. அவர் சிற்பியே எனப் பலர் கொள்வர். சிற்பத்துக்குக் காரணமாயிருந்த பெருமகனார் எனச் சிலர் கொள்வர்.

இத்துணை அழகும் எவ்வாறு பேணப்பட்டது என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் நமது வினாவுக்குத் திரும்புகின்றோம்.

குளூனியின் கதையை முதலிற் கூறுவேன். 910ஆம் ஆண்டளவில் அக்கித்தேன் பிரபுவான வில்லியம் அளித்த நிலத்தில் எழுந்தது அந்த மடம். அதன் கிளைமடங்கள் ஐரோப்பா எங்கும் பரவின. மடாதிபதி ஹியூகோ 1088இற் புதிய பேராலயத்துக்கு அடியிட்டார். 1095இற் பாப்பரசர் இரண்டாம் ஊர்பன் தாமே வந்து தலைமைப் பீடத்தை அபிஷேகஞ் செய்தார். கூரை ஏறக்குறைய 30 மீற்றர் உயரத்தில் நின்றது. அத்தனை உயரத்திற் கல்வளைவை ஏற்றியமையாற் போலும், 1125இல் நடுக்கூடக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதனையும் மீளக் கட்டினர். அதன்பின் ஏறக்குறைய 700 ஆண்டுகள் அது நின்றது.

1789இற் பிரெஞ்சுப் புரட்சி தோன்றியது. மடங்கள் கலைக்கப்பட்டன, அவற்றின் சொத்துக்கள் தேசத்தின் உடைமையாயின. 1798இற் குளூனிப் பேராலயம் வியாபாரிகளுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதனை ஆலயமாக வாங்கவில்லை, கல்லாகவே வாங்கினர். இடிக்கும் வேலை 1823 வரை நடந்தது. கால் நூற்றாண்டு! பகைவர் ஒரு நாளில் எரித்துவிட்டுப் போயிருந்தால் அதனைப் போர்க் கொடுமை என்று சொல்லலாம். இங்கோ கொத்தர் காலையில் வந்து கூலிக்கு இடித்து மாலையில் வீடு சென்றனர். நடுக்கூடத்தின் ஊடாகத் தெரு ஒன்று வெட்டப்பட்டது. 1806இல் நெப்போலியன் நிறுவிய குதிரைப் பண்ணைக்கும் அக்கல் பயன்பட்டது. பேராலயத்தில் எஞ்சியது, குறுக்குக்கூடத்தின் தென்கரமும் அதன்மேல் நிற்கும் கோபுரமுமே எனலாம். பீடத்தைச் சூழ்ந்து நின்ற தூண்களின் சிற்பத் தலைகள் இன்று மடத்தின் பழைய மாக்களஞ்சியத்திலே வைக்கப்பட்டுள்ளன.

இதே குளூனி ஊரில், மடத்தின் மதிலுக்கு அப்பால், நோத்ர தாம் என்றும் புனித மார்செல் என்றும் இரு சிறு பங்குக் கோவில்கள் இருந்தன. அவை இன்றும் நிற்கின்றன. பேராலயம் துறவிகளுக்கு உரியது. துறவிகள் போனதும் அதனைத் தமது என்று சொல்ல ஆளில்லை. பங்குக் கோவிலோ ஊராருக்கு உரியது. அவர்கள் ஞானஸ்நானம் பெற்றது அங்கே. மணம் முடித்தது அங்கே. அவர்தம் பெற்றோரை வழியனுப்பியது அங்கே. ஊரார் தம் மணவாழ்வு தொடங்கிய இடத்தைக் கல்லாக விற்க எளிதில் மனம் கொள்வரோ? தூர்னூவின் மடாலயம் தப்பியதற்கும் இதுவே காரணம். புரட்சிக் காலத்தில் அது ஊரின் பங்குக் கோவிலாயிற்று. பறே-லெ-மொனியால் என்னும் ஊரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வாலயத்தைக் குளூனிப் பேராலயத்தின் சாயலிலே சிறிதாகக் கட்டியிருந்தனர். ஆகையால் அழிந்துபோன தாயின் முகத்தை இன்று அந்த மகளின் முகத்திற் காண்கின்றோம். சிறு கோவில்களிலும் அழிந்தவை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், புழங்கிய கோவில் பெரும்பாலும் பிழைத்தது. புழங்காத கோவில் பெரும்பாலும் வீழ்ந்தது என்று சொல்லலாம்.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். சில வேளைகளில் அலட்சியமே காவலாயிற்று. ஓத்தன் ஆலயத்துக் குருமார் 1766இல், வாயிற் சிற்பம் பழைய நாகரிகத்தது, அழகற்றது என்று கருதி, அதன்மேற் சாந்து பூசி மூடிவிட்டனர். கிறிஸ்துவின் தலை முன்னே நீட்டிக்கொண்டிருந்ததனால் அதனை வெட்டி எடுத்தனர். பின்னர்ப் புரட்சிக் காலத்திற் பல ஊர்களில் ஆலயச் சிற்பங்கள் உடைக்கப்பட்டபோது, ஓத்தன் வாயிலில் வெறுஞ் சாந்துச் சுவரே தோன்றியது. சிற்பம் பிழைத்தது. 1837இற் சாந்தை அகற்றினர். தலை நூதனசாலையில் இருந்து அடையாளம் காணப்பட்டு, 1948இல் மீண்டும் உடலோடு சேர்க்கப்பட்டது. அவ்வாலயத்தின் வடவாயிலில் இருந்த ஏவாளின் சிற்பத்தின் கதி வேறு. அது 1766இற் பெயர்க்கப்பட்டு ஒரு வீட்டுச் சுவரில் வெறுங் கல்லாக வைக்கப்பட்டது. 1856இல் அவ்வீட்டை இடித்தபோது வெளிப்பட்டது. இன்று ஓத்தன் நூதனசாலையின் பெருஞ்செல்வம் அதுவே. குளூனிக்கு அணித்தேயுள்ள பெர்சே-லா-வீல் என்னும் சிற்றாலயத்தின் 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களும் இவ்வாறே வெள்ளைப் பூச்சின்கீழ் மறைந்திருந்து, 1887இல் வெளிவந்தன. அவ்வாலயத்தை ஆங்கில வரலாற்றறிஞரான ஜோன் எவன்ஸ் அம்மையார் விலைக்கு வாங்கி, 1947இல் மாக்கோன் நகரக் கல்விக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார்.

எனினும் தற்செயலை நம்பி எதனையும் காத்தல் இயலாது. 1830இற் பிரெஞ்சு அரசாங்கம் வரலாற்றுச் சின்னங்களுக்கென ஒரு தலைமைப் பரிசோதகர் பதவியை உண்டாக்கியது. 1834இல் அப்பதவியை ஏற்றவர் புரோஸ்பேர் மெரிமே என்னும் எழுத்தாளர். அவ்வாண்டிலேயே வெசெலேக்குச் சென்றார். யாத்திரிகர் கைவிட்டு நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. மதலேனாளின் உடல் தங்களிடமே உள்ளது என்று 1279இல் புரொவான்சு நாட்டார் அறிவித்த பின்னர் வெசெலேயின் புகழ் மங்கியிருந்தது. சுவர்கள் வெளியே சாய்ந்து, கூரை எப்போது விழுமோ என்ற நிலை. மெரிமே பாரிசுக்கு அறிக்கை எழுதினார். 1840இல் வேலையை ஒப்படைத்தது 26 வயதேயான இளைஞர் ஒருவரிடம். அவரே பிற்காலத்திற் பாரிசு நோத்ர தாம் பேராலயத்தையும் புதுப்பித்த வியோலே-லெ-தியூக். கூரையை இறக்கி, சுவரை நிமிர்த்தி, உதைவளைவுகள் கொடுத்து, 1859 வரையில் உழைத்து அவ்வாலயத்தைக் காத்தார். சிதைந்த தூண்தலைகள் சிலவற்றுக்குப் பதிலாகப் புதியன வைத்ததையும், முகப்பைத் தம் எண்ணப்படி மாற்றியதையும் குறை கூறுவோர் உண்டு. ஆனால் அவர் இல்லையேற் குறைகூறுவதற்கும் அங்கே ஆலயம் இராது. 1979இல் வெசெலே உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

குளூனிக்கும் ஓர் உழைப்பாளி தோன்றினார். அமெரிக்கக் கட்டடக்கலை வரலாற்றறிஞரான கெனத் கோனன்ற் என்பார் 1928 முதல் 1950 வரை அங்கே அகழ்ந்து, அத்திவாரங்களை அளந்து, மறைந்த பேராலயத்தின் உருவத்தைத் தாளிலே மீள எழுப்பினார். இன்று நாம் அதன் அளவையும் அமைப்பையும் அறிந்திருப்பதற்கு அவர் பெரிதும் காரணர். இடிப்பதற்குக் கால் நூற்றாண்டு. இடித்ததை அறிந்துகொள்வதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம்!

கிராமக் கோவில்களின் கதை இன்னும் முடியவில்லை. 1905இற் பிரான்சு அரசையும் திருச்சபையையும் சட்டப்படி பிரித்தது. அதன் விளைவாக, அதற்கு முன் கட்டப்பட்ட பங்குக் கோவில்களிற் பெரும்பாலானவை அந்தந்த ஊராட்சி மன்றத்தின் உடைமையாயின. கூரை ஒழுகினால் ஊர்ப்பணத்திலேதான் செப்பனிட வேண்டும். சில நூறு பேரே வாழும் ஊருக்கு அது சிறிய பாரமன்று. இளைஞர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். குருவானவர் ஒருவரே பல ஊர்களுக்குப் பொறுப்பு. பல கோவில்களில் ஞாயிறுதோறும் பூசை நடப்பதில்லை. 2023இல் அந்நாட்டுச் சனாதிபதியே முன்வந்து, சிற்றூர்களின் சமயக் கட்டடங்களைக் காப்பதற்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சியைத் தொடக்கிவைத்தார்.

இங்கும் நம்பிக்கைக்கு இடமுண்டு. குளூனிக்கு அருகேயுள்ள தெசே என்னும் கிராமத்தின் சிறு உரோமனெஸ்க் கோவிலை நினைவு கூர்வேன். 1940இல் உரொஜே என்னும் இளைஞர் அவ்வூருக்கு வந்து, பின்னர் ஒரு துறவியர் குழுவைத் தோற்றுவித்தார். அவர்கள் அந்தக் கிராமக் கோவிலிலே நாள்தோறும் வழிபட்டனர். வருவோர் தொகை பெருகி இடம் போதாமையால் 1962இற் புதிய பெரிய ஆலயம் ஒன்றை எழுப்ப நேர்ந்தது. ஆள் வராத கோவில்கள் நிறைந்த நாட்டில், ஆள் கொள்ளாத கோவில் ஒன்று!

நேயர்களே, அந்த மாணவன் இப்பொழுது எங்கேயோ ஒரு தொழிலில் இருப்பான். இன்று அவன் மீண்டும் கேட்பானாயின் நான் சொல்லும் விடை இது: தம்பி, குளூனியை இடித்த படை இல்லை. அதனைத் தமது என்று சொல்ல ஆள் இல்லாத நாளிலேயே அது பாதி விழுந்துவிட்டது; மற்றைப் பாதியைக் கூலியாட்கள் இடித்தார்கள். ஷபேஸின் கோபுரம் நிற்பதற்கு அதன் கல் மாத்திரம் காரணமன்று. ஒழுகிய இடத்தில் ஒரு கற்பலகையை மாற்றி வைத்த கைகளும் காரணம். மாலையிற் கதவைப் பூட்டித் திறப்பைப் பத்திரமாக வைத்திருந்த ஒரு கிழவியும் காரணம். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் எழுதப்படவில்லை. வரலாறு கற்பிப்போராகிய நாமாவது அவர்களை மறவாதிருப்போமாக.